நாயின் அரிப்பும் வெள்ளை மாத்திரையும்

நள்ளிரவு. வீடு உறங்கிவிட்டது. வாசலில் படுத்திருக்கும் நாய் மட்டும் உறங்கவில்லை. பின்னங்காலைத் தூக்கி விலாவைச் சொறிகிறது. சொறியும் வேகத்தில் கால்மூட்டு தரையில் மோதி 'டக், டக்' என்று ஒலிக்கிறது. சற்று நிற்கிறது, மீண்டும் தொடங்குகிறது. நாய் வளர்க்கும் வீட்டாருக்கு இந்த ஒலி புதிதன்று.

மறுநாள் அதைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறீர்கள். ஐந்து நாளைக்குச் சிறு வெள்ளை மாத்திரைகள் எழுதித் தருகிறார். முதல் மாத்திரை கொடுத்த அன்று இரவே சொறிவது பாதியாகக் குறைகிறது. அடுத்த இரவு ஒலியே இல்லை. நாயும் உறங்குகிறது, நீங்களும் உறங்குகிறீர்கள். இத்தனை விரைவாக வேலை செய்யும் அந்த மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசோலோனாகவே இருக்கும்.

அந்த மாத்திரை நாயின் நோயைத் தீர்த்ததா, அல்லது நோயின் வாயைப் பொத்தியதா? இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால் எங்கள் தெருவில் ஒரு நாய் சாகக் கிடந்தது.

மணி எங்கள் பக்கத்து வீட்டு நாய். செம்பழுப்பு நிறம், நாட்டு இனம், மூன்று வயது, ஏறத்தாழ 15 கிலோ எடை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர். மணியிடம் பிள்ளையைப் போல் பாசம் வைத்திருப்பவர். ஒரு கோடையில் மணி தன் வாலடியைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. தெள்ளுப்பூச்சிக் கடியால் வந்த ஒவ்வாமை என்றார் மருத்துவர். பூச்சியை ஒழிக்க ஒரு மருந்தும், அரிப்பு அடங்க 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு ஒன்றாக ஐந்து நாளைக்கும் எழுதிக் கொடுத்தார். இதில் எந்தத் தவறும் இல்லை. ஐந்து நாளில் மணி தேறிவிட்டது.

பூச்சி மருந்து விலை அதிகம் என்று அதை ஒரு முறையோடு நிறுத்திவிட்டார் வீட்டுக்காரர். மாத்திரையோ மலிவு. மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மணி மீண்டும் சொறியத் தொடங்கியபோது அந்தச் சீட்டுதான் கைகொடுத்தது. நிறுத்தினால் அரிப்பு, கொடுத்தால் அமைதி. அப்படியானால் நிறுத்துவானேன்? நான்கு மாதம் நாள்தோறும் ஒரு மாத்திரை உள்ளே போயிற்று.

மணிக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அரிப்பைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

அரிப்பு ஒன்று, காரணம் பல

காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அரிப்பும் அப்படித்தான். "நாய்க்குத் தோல் வியாதி" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

மிகச் சாதாரணமானது தெள்ளுப்பூச்சி. அது கடிக்கும்போது தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. சில நாய்களுக்கு அந்த உமிழ்நீர் ஒவ்வாது. அத்தகைய நாயை ஓரிரு பூச்சிகள் கடித்தாலே போதும், நாள்கணக்கில் அரிக்கும். இடுப்பின் பின்பகுதியும் வாலடியும்தான் பெரும்பாலும் இதற்கு இலக்காகின்றன. "நான் தேடிப் பார்த்தேன், பூச்சியே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். நாயை ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி முதுகைச் சீவுங்கள். கருமிளகுத் தூள் போன்ற துகள்கள் தாளில் விழுந்தால் அவற்றின் மேல் ஒரு துளி நீர் விடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் படர்ந்தால் அது மண்ணன்று, தெள்ளுப்பூச்சியின் எச்சம். அந்த நிறம் உங்கள் நாயின் செரித்த இரத்தம்!

பூச்சியின் முட்டைகள் நாயின் உடலிலிருந்து உதிர்ந்து, அது படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் பொரிக்கின்றன. ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. மணியின் வீட்டில் நடந்தது இதுவே. நாயின் மேல் இருந்த பூச்சிகள் செத்தன. சாக்கில் இருந்தவை வளர்ந்து வந்தன.

அடுத்தது சிற்றுண்ணிகள். இவை உண்ணியின் உறவினம், எட்டுக் கால்கள் உண்டு, வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. சார்காப்டெஸ் என்னும் வகை தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி வாழ்கிறது. காது மடலின் ஓரமும் முழங்கையும் முதலில் சொரசொரப்பாகும். காது ஓரத்தை உங்கள் விரலால் தேய்த்தால் நாய் தன்னை அறியாமல் பின்னங்காலை அசைக்கத் தொடங்கும். இது மனிதருக்கும் தொற்றும்; நாயோடு வீட்டாரும் சொறிகிறார்கள் என்றால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். இன்னொரு வகையான டெமோடெக்ஸ் இதற்கு நேர்மாறானது. மயிர்க்கால்களுக்குள் சுருட்டு வடிவில் வாழும் இது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளமே உள்ளது. பிறந்த சில நாளில் தாயின் மடியில் பால் குடிக்கும்போதே குட்டிக்கு வந்துவிடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள நாயின் தோலிலும் சில இருக்கும். யாருக்கும் கெடுதல் செய்யாது. உடலின் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தால் மட்டும் கணக்கின்றிப் பெருகி மயிரை உதிர்க்கும். டெமோடெக்ஸை மறந்துவிடாதீர்கள், மணியின் கதையில் அது மீண்டும் வரும்.

பூஞ்சை, ஈஸ்ட், புண்ணில் குடியேறும் பாக்டீரியா, சில வகை உணவு என்று பட்டியல் நீளும். வீட்டுத் தூசியில் உள்ள சிற்றுண்ணி, மகரந்தம் ஆகியவற்றுக்கு எதிரான பரம்பரை ஒவ்வாமையும் உண்டு. இது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். நாய் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும். முகமும் அக்குளும் வயிறும் சிவக்கும். இதை முற்றிலும் குணப்படுத்த முடியாது. வாழ்நாள் முழுதும் கட்டுக்குள் வைக்க வேண்டிய நோய் இது.

இவ்வளவு காரணங்களில் எதுவானாலும் ஸ்டீராய்டு கொடுத்தால் அரிப்பு ஓரளவாவது குறையும். அதன் சிறப்பும் ஆபத்தும் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன.

பித்தநீரிலிருந்து வந்த மருந்து

ஸ்டீராய்டு மருந்தை மனிதன் புதிதாகக் கற்பனை செய்துவிடவில்லை. உங்கள் உடலும் உங்கள் நாயின் உடலும் நாள்தோறும் அதைத் தயாரிக்கின்றன. இரு சிறுநீரகங்களை ஒட்டியும் அட்ரீனல் எனப்படும் அண்ணீரகச் சுரப்பி ஒவ்வொன்று உள்ளது. அதன் புறப்பகுதி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. பசி, காயம், அச்சம், நோய் என எந்த நெருக்கடி வந்தாலும் உடலைத் தாங்கிப் பிடிப்பது அதுவே.

இதன் நெருங்கிய உறவான கார்ட்டிசோன் முதன்முதலாக நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது 1948 செப்டம்பரில். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவமனையில், கடும் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் அதை ஊசியாகச் செலுத்தினார். சில நாளில் அவர் எழுந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்கு நடந்து போய் வந்தார். உலகமே வியந்தது. 1950ஆம் ஆண்டு ஹென்ச்சும், இந்த ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல், தாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய வேதியியலாரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது கார்ட்டிசோனை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட வேதிப் படிகளைக் கடந்து தயாரித்தார்கள். பொன்னைவிட அரியதாக இருந்தது. 1952இல் ஒரு பூஞ்சையே அந்த வேலையின் மிகக் கடினமான படியைச் செய்து தரும் என்று கண்டார்கள், மருந்து மலிவாயிற்று. 1955இல் பிரெட்னிசோன் சந்தைக்கு வந்தது. அதற்கும் பிரெட்னிசோலோனுக்கும் வேறுபாடு சிறிது. நாயின் கல்லீரல் முன்னதைப் பின்னதாக மாற்றிக்கொள்ளும். கார்ட்டிசாலின் மூலக்கூறில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பைக் கூட்டியதுதான் பிரெட்னிசோலோன். அந்த ஒரு பிணைப்பால் அழற்சியை அடக்கும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது! டெக்சாமெத்தசோனுக்கு அது 25 மடங்குக்கும் மேல்.

இந்த மூலக்கூறுகள் கொழுப்பில் கரைபவை. ஆகவே உயிரணுவின் உறையைக் கதவு தட்டாமலே கடந்துவிடும். உள்ளே தமக்குரிய ஏற்பியோடு இணைந்து, உட்கருவுக்குள் புகுந்து, மரபணுக்களில் சிலவற்றை முடுக்குகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. அழற்சியை மூட்டும் பொருள்களின் உற்பத்தி அதன் பிறப்பிடத்திலேயே நின்றுபோகிறது. நாயின் அரிப்பில் இன்டர்லூக்கின் 31 என்னும் புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வாமையின்போது வெள்ளணுக்கள் வெளியிடும் இப்புரதம் தோலின் நரம்பு முனைகளைத் தொட்டு மூளைக்கு 'அரிக்கிறது' என்று செய்தி அனுப்புகிறது. ஸ்டீராய்டு அதையும் குறைக்கிறது. நமக்கு அரித்தால் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறோம் அல்லவா? நாயிடம் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை. அங்கே அரிப்பின் முதன்மைத் தூதுவன் ஹிஸ்டமின் அன்று.

ஆனால் வெள்ளணுக்களை அடக்கும் மருந்து, அவற்றின் நல்ல வேலைகளையும் சேர்த்தே அடக்குகிறது. திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டினால் தெரு அமைதியாகத்தான் இருக்கும். திருடன் போய்விட்டான் என்று பொருளன்று. சிற்றுண்ணியோ பூஞ்சையோ உள்ள தோலில் ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ விழுந்தால், அரிப்பு குறையக் குறைய அவை பெருகும்.

மணி விழுந்த நாள்

இனி மணியைப் பார்ப்போம். இரண்டாம் மாதமே அது அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. நல்ல நிலையில் உள்ள நாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50, 60 மில்லிலிட்டர் நீர் குடிக்கும். மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டருக்குள் போதும். அதுவோ கிண்ணத்தை நாளுக்கு நான்கு முறை காலி செய்தது. சிறுநீரகம் நீரை மீட்டு வைத்துக்கொள்ள உதவும் ஹார்மோனின் வேலையை ஸ்டீராய்டு கெடுப்பதே காரணம். இரவில் வாசல் நனைந்தது. பசியோ அடங்காப் பசி. வயிறு பானை போல் தொங்கியது. "நல்லாச் சாப்பிடுறான், தொப்பை போட்டுட்டான்" என்று பெருமையாகச் சொன்னார் வீட்டுக்காரர். அது கொழுமை அன்று. கல்லீரல் வீங்கி, வயிற்றுத் தசைகள் நலிந்து, குடலைத் தாங்க வலுவின்றித் தொங்கிய வயிறு அது. விலாவில் மயிர் உதிர்ந்தது. முகத்தில் வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தது.

இந்தத் தோற்றத்துக்கு ஒரு பெயர் உண்டு. உடலில் கார்ட்டிசால் மிகும் நோயை 1932இல் விரிவாக விளக்கியவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர். நாய்களுக்கு இந்நோய் இயற்கையாகவும் வரும். மணிக்கு வந்தது கையால் ஊட்டப்பட்ட குஷிங் நோய்.

நான்காம் மாத முடிவில் வீட்டுக்காரர் ஒரு திருமணத்துக்காக வெளியூர் சென்றார். மணிக்குச் சோறு வைக்கும் பொறுப்பு எங்களுடையது. மாத்திரையைப் பற்றி அவர் சொல்ல மறந்தார். கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலை மணி எழவில்லை. வாந்தி எடுத்திருந்தது, கால்கள் நடுங்கின, ஈறுகள் வெளுத்திருந்தன. ஓர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் வயிற்றுத் தோலைத் தொட்டுப் பார்த்தார். காகிதம் போல் மெலிந்து, உள்ளே நீல நரம்புகள் தெரிந்தன.

"இதுக்கு ஏதாவது மாத்திரை கொடுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"எங்களுக்குத் தெரியலைங்க, டாக்டர்."

"உடனே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

தொலைபேசியில் பதில் வந்தது: "தினம் ஒரு வெள்ளை மாத்திரைதான், சார். அரிப்புக்கு."

மூன்று நாள் மாத்திரை இல்லாததால் ஒரு நாய் ஏன் விழ வேண்டும்? உங்கள் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் குறைந்தால் மிதவை இறங்கிக் குழாயைத் திறக்கும். நிறைந்தால் மிதவை ஏறிக் குழாயை மூடும். உடலிலும் இத்தகைய மிதவை உண்டு. இரத்தத்தில் கார்ட்டிசால் குறைந்தால், மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழ் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி அண்ணீரகச் சுரப்பிக்கு ஆணை அனுப்புகிறது, கார்ட்டிசால் சுரக்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் ஆணை நின்றுவிடும்.

இப்போது யாரோ ஒருவர் நாள்தோறும் குடம் குடமாக வெளியிலிருந்து தொட்டியில் நீர் ஊற்றுகிறார் என்று கொள்ளுங்கள். மிதவை மேலேயே நிற்கும். குழாய் திறக்கவே திறக்காது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த குழாய் துருப்பிடித்து இறுகிவிடும். மாத்திரையைத் தொடர்ந்து பெறும் உடலில் பிட்யூட்டரியின் ஆணை நின்று, அண்ணீரகப் புறணி உண்மையாகவே சுருங்கிப்போகிறது. பிறகு ஒரு நாள் குடத்துக்காரர் வரவில்லை. தொட்டி வற்றுகிறது, குழாயோ திறக்க மறுக்கிறது. மணியின் நிலை அதுதான்.

சில நாள் மட்டும் கொடுத்தால் சுரப்பி விரைவில் மீளும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொடுத்ததைத்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, மேலும் குறைத்து நிறுத்த வேண்டும். ஒன்றுவிட்ட நாள் கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிரெட்னிசோலோனின் செயல் ஒன்றரை நாளுக்குள் தேய்ந்துவிடும். மருந்தில்லாத எஞ்சிய நேரத்தில் மிதவை இறங்கிச் சுரப்பி சற்று வேலை செய்து பழகும். டெக்சாமெத்தசோன் இரண்டு நாள் வரை நிற்பதால் இந்த ஓய்வு கிடைக்காது. வாரக்கணக்கில் வேலை செய்யும் நீடித்த ஊசிகளோ இன்னும் மோசம். ஒருமுறை போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. "ஒரே ஊசியில் ஒரு மாதம் சொறியாது" என்று யாரேனும் சொன்னால், என்ன ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மணிக்கு நரம்பு வழியே உப்புநீரும் ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றினார்கள். மாலையில் தலையைத் தூக்கியது. பிறகு முகத்தின் வழுக்கைத் திட்டைக் கிள்ளிப் பிடித்து, இரத்தம் கசியும் வரை கத்தியின் மொட்டை விளிம்பால் சுரண்டி, எண்ணெய்த் துளியில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தார் மருத்துவர். எனக்கும் காட்டினார். சுருட்டு வடிவில், முன்பகுதியில் குட்டைக் கால்களை ஆட்டியபடி டெமோடெக்ஸ்கள், ஒரு பார்வைப் பரப்பிலேயே பத்துப் பன்னிரண்டு. நான்கு மாதத்துக்கு முன் தெள்ளுப்பூச்சியால் அரித்த நாய்க்கு, அந்த அரிப்பை அடக்கிய மாத்திரையே புதிய நோயை வளர்த்துவிட்டிருந்தது.

என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று நீங்கள் அலற வேண்டியதில்லை. அரிப்பால் உறங்காமல் தன்னையே கடித்துக்கொள்ளும் நாய்க்கு முதல் சில நாள் அது பெரிய உதவி. உடல் தன் சிவப்பணுக்களையே அழிக்கும் சில நோய்களில் உயிரைக் காப்பதும் அதுதான். அரிப்புக்கு வழக்கமான அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் பிரெட்னிசோலோன். மணிக்கு எழுதிய 10 மில்லிகிராம் இந்த அளவுக்குள்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கெடுதல் அளவில் இல்லை, நாள்களின் எண்ணிக்கையில் இருந்தது. கணக்குத் தெரிந்துவிட்டது என்று நீங்களே மாத்திரை வாங்கிவிட வேண்டாம். உங்கள் நாய்க்கு உள்ளது எந்த அரிப்பு என்று கணக்கு சொல்லாது.

மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவை சில. தோலைச் சுரண்டிப் பார்த்தாகிவிட்டதா? எத்தனை நாள் கொடுப்பது, எப்படிக் குறைப்பது? நாய் கருவுற்றிருந்தாலோ, நீரிழிவு இருந்தாலோ, தடுப்பூசி போடும் நாள் நெருங்கியிருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை உணவோடு கொடுங்கள். கால் நொண்டுகிறது என்று ஆஸ்பிரின், மெலாக்ஸிகாம் போன்ற வலி மாத்திரையை இதனுடன் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும். நமக்கு வாங்கிய படைக்குக் களிம்பை நாய்க்குத் தடவும் வழக்கமும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும்.

ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் தொடரும் நாய்களுக்கு இன்று வேறு வழிகள் உண்டு. 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒக்ளாசிட்டினிப் என்னும் மாத்திரை, இன்டர்லூக்கின் 31 அனுப்பும் செய்தியை உயிரணுவுக்குள் தடுக்கிறது. லோகிவெட்மாப் என்னும் ஊசியோ அந்தப் புரதத்தையே பிடித்துக் கட்டிவிடும் எதிர்ப்புரதம். இரண்டும் அண்ணீரகச் சுரப்பியை உறங்க வைப்பதில்லை. விலைதான் அதிகம். தவிர, இவையும் தெள்ளுப்பூச்சியைக் கொல்லமாட்டா.

மணிக்குச் சிகிச்சை எளிதாக முடியவில்லை. டெமோடெக்ஸை ஒழிக்க ஸ்டீராய்டை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நாய் விழும். எனவே உடல் தானே சுரக்கக்கூடிய சிறு அளவை மட்டும் மாத்திரைத் துண்டாகக் கொடுத்து, வாரந்தோறும் குறைத்தார்கள். சிற்றுண்ணிக்கு மாதம் ஒரு மாத்திரை. அது தெள்ளுப்பூச்சியையும் கொல்லும் வகை. அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் சுரண்டிப் பார்த்து ஒரு சிற்றுண்ணியும் இல்லை என்று உறுதியாகும் வரை அது தொடர்ந்தது. ஐந்தாம் மாதம் கடைசித் துண்டு நின்றது. தண்ணீர்க் கிண்ணம் பழையபடி நாளுக்கு ஒரு முறைதான் நிரம்புகிறது. சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுகிறார் வீட்டுக்காரர். விலாவில் மயிர் முளைத்துவிட்டது. முகத்தில் ஓரிரு இடங்கள் மட்டும் கறுத்தே இருக்கின்றன.